புரிதல் இருபத்தெட்டு

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய அன்று ஜெனோவாவின் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா மிக்கேல், தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரியில் மெக்கானிக். மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு, கிரீஸ் படிந்த சட்டையைக்கூட மாற்றாமல், மகள் படிக்கும் கோச்சிங் சென்டருக்கு வந்து ஆசிரியை பியூலாவின் மேசை முன்னால் நின்றார்.

“நூறுன்னு போட்டிருக்கு டீச்சர். பக்கத்துலயே இருபத்தெட்டுன்னும் போட்டிருக்கு. ரெண்டுல எத நம்ப?”

பியூலா நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

“நூறு, விடைக்கு. இருபத்தெட்டு, புரிதலுக்கு. மாதிரித் தேர்வுதானண்ணே, இன்னும் நாள் இருக்கு.”

“அப்ப என் மவ திருடிட்டான்னு சொல்லுதா அந்த மிஷினு?”

“திருடினான்னு இல்ல. உருப்போட்டு எழுதிருக்கான்னு சொல்லுது.”

“ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்,” என்றார் மிக்கேல்.

பெண்கள் பிரிவுக்குக் கணக்கு எடுப்பவள் பியூலா. ஒவ்வொரு மாதிரித் தேர்வு முடிந்ததும் இப்படி யாராவது ஓர் அப்பாவோ அம்மாவோ வந்து நிற்பார்கள். ஆனால் ஒருவர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

தெளிமானி வருவதற்கு முன்னால் விஷயம் எளிதாக இருந்தது. விடை சரியென்றால் மதிப்பெண். ஆண்டுக்காண்டு கணக்கில் பெண்பிள்ளைகள் முன்னால் வர வர, ஒரு பேச்சும் அவர்களுக்குப் பின்னாலேயே வந்தது. பொம்பளப் பிள்ளைங்க உருப்போட்டு எழுதிருவாங்க, பையனுங்கதான் புரிஞ்சு படிப்பாங்க, என்ன, எழுதத்தான் சோம்பல். டீக்கடையில் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் சொன்னார்கள். டிவியில் கோட்டு போட்டு உட்கார்ந்து சொன்னார்கள். கடைசியில் நுழைவுத் தேர்வு வாரியமே ஒரு முடிவுக்கு வந்தது. இனி விடையை மட்டும் பார்க்கப் போவதில்லை, அது தலைக்குள் எப்படி உருவானது என்றும் பார்க்கப் போகிறோம் என்றார்கள்.

நெற்றியைச் சுற்றிக் கட்டுகிற மெல்லிய பட்டைதான் தெளிமானி. பிள்ளைகள் கணக்குப் போடும்போது அது மூளையின் ஓட்டத்தைப் படிக்கும். புரிந்து போட்டதா, மனப்பாடத்தில் போட்டதா என்று ஒரு சதவீதம் கொடுக்கும். மதிப்பெண்ணை அந்தச் சதவீதத்தால் பெருக்கி வருவதே இறுதி எண். ஜெனோவாவின் நூறு அப்படித்தான் இருபத்தெட்டாகச் சுருங்கியது.

இந்தப் பட்டையோடு நாலு வருடம் மல்லுக்கட்டியதில் பியூலா ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். விடையைச் சரிபார்க்கிற பிள்ளைகளுக்கு எண் குறைகிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் குறைகிறது. அதனால் வகுப்பில் நுழைந்ததும் அவள் சொல்கிற முதல் பாடம், “விடை வந்துச்சா, கைய எடு. திரும்பிப் பாக்காத.” பெண்பிள்ளைகளுக்கு அது லேசில் வராது. ஒரு கணக்கு தப்பினால், “நீ எதுக்கு இந்த குரூப் எடுத்த?” என்று வீட்டில் கேட்பார்கள் என்ற பயத்திலேயே வளர்ந்தவர்கள். மூன்று தடவை பார்க்காமல் பேனாவை மூட மாட்டார்கள். பழக்கிப் பழக்கி, நாற்பதில் இருக்கிறவளை ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவருவாள் பியூலா. அதற்குத்தான் அவளை இந்த ஊரில் எல்லோரும் தேடி வந்தார்கள்.

ஜெனோவாவை மட்டும் மாற்ற முடியவில்லை. பயத்தில் சரிபார்க்கிற பிள்ளை இல்லை அவள். பிடித்துப்போய்ச் சரிபார்க்கிறவள். ஒரு விடை வந்துவிட்டால், அது ஏன் வந்தது என்று பார்க்கப் பின்பக்கமாக ஒருமுறை நடந்துவிட்டு வருவாள். அப்போது அவள் உதடு லேசாக விரியும். பட்டையும் அந்த நேரம்தான் அவள் எண்ணைக் குறைக்கும்.

மிக்கேல் போன பிறகு பியூலாவுக்கு உட்கார முடியவில்லை. இத்தனை வருடமாக எண்ணை ஏற்ற வழி தேடினாளே தவிர, எண் சரிதானா என்று ஒருநாளும் அவள் சோதித்ததில்லை. மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் வரும்போது சொந்தமாக ஒரு கணக்கை யோசித்தாள். மாதா கோவில் கொடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் பத்து பல்பு. ஒவ்வொன்றும் எரியலாம், அணையலாம். அடுத்தடுத்த இரண்டு பல்பு சேர்ந்து எரியக் கூடாது. எத்தனை விதமாக எரிய வைக்கலாம்? வரிசையாகப் பத்து பல்பு என்றால் அது எல்லாக் கோச்சிங் புத்தகத்திலும் இருக்கிற கணக்கு. வட்டமாக்கியது அவள். அந்தக் காலை வரைக்கும் அந்தப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்திருக்க வழியில்லை.

அன்று ஆண்கள் பிரிவையும் சேர்த்து உட்கார வைத்துக்கொண்டாள். எல்லோரும் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் பிரிவில் முதல் ஆள் டெரன்ஸ். அவனுடைய புரிதல் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதே இல்லை. கேள்வியைப் போட்டு முடிப்பதற்குள் அவன் எழுதிவிட்டான். நூற்று நாற்பத்து நான்கு.

ஜெனோவா தாளின் ஓரத்தில் மூன்று புள்ளி வைத்து வட்டம் போட்டாள். எண்ணினாள். நான்கு புள்ளி வைத்தாள். எண்ணினாள். ஐந்து. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கிடுகிடுவென்று எழுதினாள், திரும்ப முதலிலிருந்து வந்தாள், பேனாவை வைத்தாள். நூற்று இருபத்து மூன்று. அதுதான் சரி.

பியூலா திரையைப் பார்த்தாள். டெரன்ஸ், விடை தவறு, புரிதல் தொண்ணூற்றொன்று. ஜெனோவா, விடை சரி, புரிதல் இருபத்தாறு. அதன் கீழே வழக்கமான குறிப்பு: ‘மனப்பாடம் செய்யப்பட்ட விடை.’

“நான் எங்க போய் மனப்பாடம் பண்ணேன் மிஸ்?” என்றாள் ஜெனோவா. குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

பியூலா அந்த வாரமே லீவு போட்டுச் சென்னைக்கு ரயிலேறினாள்.

வாரியத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவி டாக்டர் நாச்சியார். ஐம்பதைத் தாண்டியவர், நரையை மறைக்காதவர். முன்னறையில் நெடுநேரம் காத்திருந்த பிறகுதான் பியூலாவை உள்ளே விட்டார்கள். அவள் கொண்டுபோயிருந்த விடைத்தாள்களையும் தெளிமானி அறிக்கையையும் நாச்சியார் மேலோட்டமாகத்தான் புரட்டினார். பல்பு கணக்கு வந்ததும் நின்றார். ஒரு காகிதத்தை இழுத்துத் தானே போட்டுப் பார்த்தார்.

“நூத்து இருபத்து மூணு.”

“ஆமா மேடம்.”

“இது நீங்களே எழுதின கணக்கா?”

“அன்னிக்குக் காலையில. பஸ்ஸுல.”

“பையன் நூத்து நாப்பத்து நாலு போட்டிருக்கான். அது வரிசைக்கு உள்ள விடை இல்லையா?”

“பாத்ததும் அந்த ஞாபகம் வந்திருக்கு. எழுதிட்டான்.”

நாச்சியார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஒரு இயந்திரத்துக்கு முதல்ல பாடம் சொல்லிக் கொடுக்கணும். புரிஞ்சவங்க மூளை இப்படி ஓடும், உருப்போட்டவங்க மூளை இப்படி ஓடும்னு மாதிரி காட்டணும். புரிஞ்சவங்களுக்கு மாதிரியா, பழைய நுழைவுத் தேர்வுகள்ல முதல் இடங்கள்ல வந்தவங்களக் கூப்பிட்டோம். பெரும்பாலும் பையன்க. பொண்ண வெளியூர் ஹாஸ்டல்ல தங்க வெச்சுக் கோச்சிங் அனுப்புற வீடு எத்தன இருக்கு?”

“அவங்களுக்கு என்ன கணக்கு கொடுத்தீங்க?”

“பழைய கேள்வித்தாள்தான்.”

“அதையெல்லாம் அவங்க கோச்சிங்ல போட்டுப் போட்டுத் தேய்ச்சிருப்பாங்களே மேடம்.”

“தேய்ச்சிருந்தாங்க. பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுது. மூளையில சட்டுன்னு ஒரு தாவல். அந்தத் தாவலத்தான் இயந்திரம் புரிதல்னு கத்துக்கிச்சு.”

“உருப்போட்டவங்களுக்கு யாரக் கூப்பிட்டீங்க?”

“பள்ளிக்கூடங்களுக்கு எழுதிக் கேட்டோம். மார்க் வாங்குவாங்க, ஆனா மனப்பாடம் பண்ணித்தான் வாங்குவாங்கன்னு நீங்க நினைக்கிற பிள்ளைங்க பேரக் கொடுங்கன்னு. ஆசிரியர்கள் கொடுத்தாங்க.”

“பொண்ணுங்க.”

“பத்துல ஒம்பது. எல்லாம் சின்ன ஊர்ப் பிள்ளைங்க. கோச்சிங் வாசலையே மிதிக்காதவங்க. அந்தக் கேள்வித்தாள் அவங்களுக்குப் புதுசு. உக்காந்து யோசிச்சுத்தான் போட்டாங்க. ஒவ்வொரு படியா, மெதுவா, திரும்பித் திரும்பிப் பாத்து. இயந்திரம் அத மனப்பாடம்னு கத்துக்கிச்சு.”

“அப்ப இது தலைகீழால்ல சொல்லிட்டிருக்கு!”

“தலைகீழாத்தான். யோசிச்சுப் போடுற பையன்களுக்கும் இதே அடிதான். அவங்க சீக்கிரம் தாவக் கத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். கத்துக் கொடுக்க அவங்களுக்கு ஆளும் இருந்தது.”

“உங்களுக்கு எப்ப தெரியும் மேடம்?”

“இது வந்த ரெண்டாவது வருஷமே.”

பியூலா விடைத்தாள்களை அடுக்கிக் கைப்பையில் வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்ததும் நாச்சியார் தானாகவே பேசினார்.

“நான் பள்ளிக்கூடத்துல கணக்குல நூறு வாங்கினப்ப எங்க ஹெட்மாஸ்டர் மேடையில வெச்சே சொன்னார், ‘நல்லா உருப்போட்ட பொண்ணு’ன்னு. பாராட்டாத்தான் சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க, எங்க அம்மா உட்பட. மனுஷங்க நம்பமாட்டாங்க, ஒரு இயந்திரமாவது உள்ள எட்டிப் பாத்து உண்மையச் சொல்லட்டும்னுதான் நான் இதுக்குள்ளயே வந்தேன்.”

“இப்பவாவது வெளியில சொல்லுங்க மேடம்.”

“மேல எழுதினேன். கூட்டம் போட்டாங்க. இதுல தேறினவங்க இன்னிக்கு டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படிச்சிட்டிருக்காங்க, அந்த சீட்ட யார் திருப்பி வாங்குறதுன்னு கேட்டாங்க. இதனால சீட்டு கிடைக்காமப் போன பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றதுன்னு கேட்டாங்க. ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே, ‘பொண்ணுங்களுக்கு மார்க் வரலேன்னதும் மேடத்துக்கு இயந்திரம் தப்பாத் தெரியுது’ன்னார். அதோட கூட்டம் முடிஞ்சுது.”

வாசல் வரைக்கும் வந்து நாச்சியார் ஒன்று சொன்னார். “அந்தப் பொண்ண எப்படியாவது உள்ள அனுப்பிடுங்க.”

ஊருக்கு வந்ததும் பியூலா சும்மா இருக்கவில்லை. நாச்சியாரின் பெயரைச் சொல்லாமல், பல்பு கணக்கை மட்டும் வைத்து ஒரு நாளிதழுக்கு எழுதினாள். ‘தெளிமானி பெண்களுக்கு எதிரானதா? ஆசிரியை ஆதங்கம்’ என்று உள்பக்கத்தில் போட்டார்கள். ஆதங்கம் என்ற சொல்லிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று ஒருவர் இணையத்தில் எழுத, அதற்கு ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்தார்கள். வாரியம் ஒரு வரியில் பதில் சொன்னது. தெளிமானி ஆண் பெண் பார்ப்பதில்லை. சென்டர் முதலாளி அவளைக் கூப்பிட்டு, “பிள்ளைகளத் தேத்துததுதான் நம்ம வேல, மிஷினத் திருத்துதது இல்ல,” என்றார்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பியூலா ஜெனோவாவின் வீட்டுக்குப் போனாள். சென்னையில் கேட்டதையெல்லாம் மிக்கேலிடமும் பிள்ளையிடமும் மறைக்காமல் சொன்னாள்.

“உங்க மக உண்மையிலேயே யோசிக்கா அண்ணே. யோசிக்கதாலதான் அவளுக்கு மார்க்கு போவுது.”

மிக்கேல் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் போகாத கருப்பு.

“அப்ப யோசிக்காம இருக்கச் சொல்லிக் குடுங்க டீச்சர்.”

“அண்ணே...”

“நீங்க சொல்லுததெல்லாம் எனக்கு வெளங்குது. மிஷினு பொய் சொல்லுது. சரி. கோர்ட்டு கேஸுன்னு அலைய எனக்குத் தெரியாது. எம்பிள்ளைக்கு இருக்கது ஒரு பரீட்ச. பொய் சொல்லுத ஆளுகிட்ட அவனுக்குப் பிடிச்சதச் சொல்லிட்டு வாரதுதான் புத்தி.”

ஜெனோவாவுக்கு வேறு படிப்பில் ஆசையில்லை. சென்னையில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் கணக்கு மட்டும் படிக்க வேண்டும். பத்தாவது முடித்த நாளிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே போவதற்கும் இந்தத் தேர்வைத் தவிர வேறு வாசல் இல்லை.

“மிஸ், அங்க போனப்பறம் என் இஷ்டத்துக்கு யோசிக்கலாம்ல?” என்றாள்.

பியூலா தலையாட்டினாள். “யோசிக்கலாம்.”

“அப்ப சொல்லிக் குடுங்க.”

சரிபார்க்காதே என்று சொல்வது மட்டும் இனிப் போதாது. தாவல் வர வேண்டுமென்றால் கணக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். பியூலா கணக்குகளை மாடல் மாடலாகப் பிரித்தாள். கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததும் எந்த மாடல் என்று சொல்ல வேண்டும், சொன்ன கையோடு விடைக்குப் போக வேண்டும். காலையில் நூறு, மாலையில் நூறு. தொடக்கத்தில் ஜெனோவாவின் பென்சில் தானாகத் தாளின் ஓரத்துக்குப் போகும். புள்ளி வைக்கப் பார்க்கும். “அங்க போகாத,” என்பாள் பியூலா. அப்படியும் போனால் தாளைப் பிடுங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுப்பாள். ஒருநாள் பிள்ளை அழுதுவிட்டாள். ஒரு கணக்கில் என்னவோ அழகாக இருக்கிறது, ஒரே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினாள். பியூலா தாளைக் கொடுக்கவில்லை.

எண் ஏறியது. நாற்பது. அறுபது. எழுபத்தைந்து. ஏற ஏற மிக்கேலின் முகம் தெளிந்தது. ஜெனோவா பேசுவது குறைந்தது. விடை எழுதிய பிறகு அவள் முகத்தில் எதுவும் நடக்காததைப் பியூலா பார்த்தாள். முன்பு விரிகிற அந்த உதடு இப்போது அப்படியே இருந்தது. தேர்வு முடிந்தால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அசதி என்று சொல்லிக்கொண்டாள்.

தேர்வில் ஜெனோவாவின் புரிதல் தொண்ணூற்று நான்கு. மாநிலத்தில் பெண்களில் அதுதான் உச்சம். ‘பெண்களும் புரிந்து படிக்க முடியும்: தூத்துக்குடி மாணவி நிரூபித்தார்’ என்று அதே நாளிதழ் இந்த முறை முதல் பக்கத்தில் போட்டது. பாராட்டுக் கூட்டத்தில் வாரியத்திலிருந்து வந்தவர், பெண்பிள்ளைகள் மனப்பாடத்தை விட்டு வெளியே வந்தால் எதையும் சாதிக்கலாம் என்பதற்கு இந்தப் பெண்ணே சாட்சி என்று மைக்கில் முழங்கினார். மிக்கேல் புதுச் சட்டை போட்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பியூலாவும் தட்டினாள். தட்டும்போது, அன்று மகளுக்குக் கைதட்டிய நாச்சியாரின் அம்மா நினைவுக்கு வந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டெரன்சுக்கும் அதே நிறுவனத்தில் இடம் கிடைத்தது. இரண்டு குடும்பத்தாரும் ஒரே ரயிலில் ஏறிப் போனார்கள். பியூலாவின் பிரிவில் அடுத்த ஆண்டுக்கு இடமில்லை என்று சொல்கிற அளவுக்குக் கூட்டம் வந்தது. மாடல் மாடலாகப் பிரித்த கணக்குகளைச் சென்டர் முதலாளி பாடத்திட்டமாகவே ஆக்கிவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு பிற்பகல், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், ஜெனோவாவிடமிருந்து போன் வந்தது.

“நல்லா இருக்கியா பிள்ள? சாப்பாடெல்லாம் எப்படி?”

“இருக்கேன் மிஸ்.” அவள் குரல் தணிந்திருந்தது. “இன்னிக்கு ஒரு புரொபசர் வந்தாரு. வயசானவரு, வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வந்தவராம். போர்டுல ஒரு கணக்கு எழுதினாரு. நேரம் எடுத்துக்கோங்க, தப்பாப் போட்டாலும் பரவாயில்லன்னாரு.”

“சரி.”

“யாரும் பேனாவ எடுக்கல மிஸ். கிளாஸ் முழுக்க. பையனுங்களும்தான். டெரன்ஸ் எழுந்திரிச்சு, ‘இது எந்த மாடல் சார்’னு கேட்டான். அவருக்குப் புரியவே இல்ல. பீரியட் முடியுற வரைக்கும் அப்படியே நின்னுட்டிருந்தாரு. ஒண்ணும் திட்டல. போர்ட அழிச்சிட்டுப் போயிட்டாரு.”

ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்தது. அடுத்த வகுப்புப் பெண்கள் குடையை உதறிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள்.

“நான் ரூமுக்கு வந்து அந்தக் கணக்க வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன் மிஸ். பாக்குதேன், பாக்குதேன், ஒண்ணும் தோணல. பயமா இருக்கு. முன்னயெல்லாம் புதுக் கணக்கு வந்தா நான் என்ன செய்வேன்? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

பியூலா போனோடு வராந்தாவுக்கு நகர்ந்தாள்.

“சின்னதாக்கிப் பாப்ப பிள்ள. நூறுன்னு இருந்தா மூணுன்னு வெச்சுப் பாப்ப. அப்புறம் நாலு. அதுல ஏதாவது தெரியுதான்னு பாத்துட்டே இருப்ப. விடை வந்தாலும் நம்ப மாட்ட. வந்த வழியிலயே திரும்பி நடந்து போய்ப் பாத்துட்டு வருவ.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க மிஸ், எழுதிக்கிடுதேன்,” என்றாள் ஜெனோவா. “முதல் ஸ்டெப்பு, சின்னதாக்கணும். ரெண்டாவது?”